200 மணி நேரம் போதுமா? பஸ் டிரைவர் மாமா கேட்ட கேள்வி

இன்னைக்கு எபிசோட்ல விருந்தாளி யாரும் இல்ல, நான் மட்டும்தான். ஒரு மாசமா எங்க குடும்பத்துல ஓடிட்டிருக்கிற ஒரு பஞ்சாயத்தைப் பத்திப் பேசப் போறேன். குடும்பப் பஞ்சாயத்து நமக்கெதுக்குன்னு ஆஃப் பண்ணிடாதீங்க, இதுல உங்களுக்கும் பங்கு இருக்கு. நீங்க அடுத்த தடவை ஃப்ளைட்ல ஏறும்போது, காக்பிட்ல வலது பக்கம் உக்காந்திருக்கிற பைலட் வேலைக்குச் சேரும்போது மொத்தம் எத்தனை மணி நேரம் விமானம் ஓட்டியிருந்தார்? இதான் இன்னைக்கு விஷயம்.

எங்க ஊர் திருச்சி அரியமங்கலம். வெளியூர்க்காரங்ககிட்ட ஊர் பேர் சொன்னா, "ஓ, அந்த குப்பைக்கிடங்கு"ன்னுதான் சொல்வாங்க. எங்களுக்கு இன்னொரு அடையாளமும் இருக்கு. ஏர்போர்ட் சில கிலோமீட்டர் தூரத்துல இருக்கிறதால, மொட்டை மாடியில நின்னா துபாய், சிங்கப்பூர், கோலாலம்பூர் போற ஃப்ளைட் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எங்க தெருவுல பாதி வீட்ல யாராவது ஒருத்தர் வளைகுடாவுலயோ சிங்கப்பூர்லயோ இருக்காங்க. அதனால மேல போற விமானம் எங்களுக்கு வெறும் வேடிக்கை இல்ல, அதுல நம்ம ஆள் யாராவது இருப்பாங்க.

2024 அக்டோபர் 11 உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஆயுத பூஜை அன்னைக்கு. தெரு முழுக்க வண்டி கழுவி, சந்தனம் குங்குமம் வெச்சு, பொரிகடலை குடுத்துட்டிருந்த நேரம். சாயங்காலம் 5.40 வாக்குல திருச்சியில இருந்து சார்ஜா கிளம்பின ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்துல ஹைட்ராலிக் கோளாறு. 141 பயணிகள். எரிபொருளைக் குறைக்கிறதுக்காக ரெண்டு மணி நேரத்துக்கும் மேல வானத்துலயே சுத்திட்டிருந்தாங்க. டிவியில லைவ் ஓடுது. நானும் மாமாவும் மாமா பையனும் மாடியில நிக்கிறோம். ராத்திரி 8.15 வாக்குல பத்திரமா இறங்கிடுச்சுன்னு செய்தி வந்ததும் கீழ தெருவுல கை தட்டினாங்க. அத்தை சாமி படத்துக்கு முன்னாடி இன்னொரு சூடம் கொளுத்தினாங்க.

அந்த ராத்திரிதான் தம்பி முடிவு பண்ணினான். நான் பைலட் ஆகணும். இப்போ அவன் இயற்பியல், கணிதம் எடுத்து பிளஸ் டூ முடிச்சிட்டான். முடிவு மாறலை.

மாமா ஓய்வு பெற்ற அரசு பஸ் டிரைவர். முப்பது வருஷத்துக்கு மேல டவுன் பஸ் ஓட்டினவர். பைலட் பயிற்சிக்கு ஆகுற செலவைக் கேட்டா அவர்கிட்ட இருக்கிற ஒரே வழி அரியமங்கலம் வீட்டை அடமானம் வைக்கிறதுதான். அப்பதான் அவர் என்னைக் கூப்பிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஏன்டா, லைசென்ஸுக்கு 200 மணி நேரம் ஓட்டினா போதுமாமே? நாளுக்கு எட்டு மணி நேரம், மாசம் 25 நாள். 200 மணி நேரம்னா எனக்கு ஒரு மாச டியூட்டிடா. ஒரு மாசம் வண்டி ஓட்டினவன் கையில 180 உசுரைக் குடுப்பாங்களா? குடுப்பாங்கன்னா இனி நான் ஃப்ளைட்ல ஏற மாட்டேன். குடுக்க மாட்டாங்கன்னா நான் எதுக்கு வீட்டை அடமானம் வைக்கணும்?"

எனக்கு பதில் தெரியலை. அதனால ஒரு மாசம் தேடிப் படிச்சேன், விமானம் ஓட்டுற ஒரு நண்பன்கிட்ட பேசினேன். அதைத்தான் இங்க சொல்றேன்.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். இந்தியாவுல விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துறது டிஜிசிஏ. அவங்க குடுக்கிற கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், அதாவது சிபிஎல் வாங்க குறைந்தபட்சம் 200 மணி நேரம் பறந்திருக்கணும். அதுல 100 மணி நேரம் நீங்களே விமானத்துக்குப் பொறுப்பாளரா இருந்து ஓட்டியிருக்கணும். ஊர் விட்டு ஊர் போற நீண்ட பயணம், இரவுப் பறத்தல், வெளிய எதுவும் தெரியாம கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுறது, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி கணக்கு இருக்கு. வயசு 18 ஆகியிருக்கணும். இந்த லைசென்ஸ் இருந்தா கோ-பைலட் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். கேப்டன் ஆகணும்னா ஏடிபிஎல்னு இன்னொரு லைசென்ஸ். அதுக்கு 1,500 மணி நேரம்.

ஆக, மாமா சொன்னது சரிதான். 200 மணி நேரத்தோட ஒருத்தர் இந்தியாவுல விமான நிறுவனத்துல சேர முடியும். ஐரோப்பாவுலயும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான். அமெரிக்காவுல முடியாது. அங்க கோ-பைலட்டுக்கும் 1,500 மணி நேரம் வேணும்.

அமெரிக்காவுல மட்டும் ஏன் அப்படி? 2009 பிப்ரவரி 12ஆம் தேதி நியூயார்க் மாநிலத்துல பஃபலோ நகரத்துக்குப் பக்கத்துல கோல்கன் ஏர் விமானம் ஒரு வீட்டு மேல விழுந்துச்சு. விமானத்துல இருந்த 49 பேரும் வீட்டுல இருந்த ஒருத்தரும் இறந்துட்டாங்க. விமானம் வேகம் குறைஞ்சு, இறக்கைக்குத் தூக்கும் சக்தி போயிடும்ங்கிற நிலையில எச்சரிக்கை வந்துச்சு. அப்போ மூக்கைக் கீழ இறக்கணும். கேப்டன் மேல இழுத்தார். இறந்தவங்களோட குடும்பங்கள் விடாம போராடி 2010ல ஒரு சட்டத்தைக் கொண்டு வர வெச்சாங்க. 2013ல இருந்து 1,500 மணி நேர விதி அமலுக்கு வந்துச்சு. ராணுவ பைலட்டுக்கு 750, விமானப் பட்டப்படிப்பு முடிச்சவங்களுக்கு 1,000ன்னு சலுகை உண்டு.

இதுல ஒரு விஷயத்தை கவனிங்க. அந்த கோல்கன் கேப்டனுக்கு 3,000 மணி நேரத்துக்கு மேல அனுபவம். கோ-பைலட்டுக்கு 2,000 மணி நேரத்துக்கு மேல. ரெண்டு பேருமே பின்னாடி வந்த 1,500 மணி நேர விதியில பாஸ் ஆகியிருப்பாங்க. அப்போ கோளாறு எங்க? கேப்டன் முன்னாடி சில சோதனைகள்ல தோத்திருந்தார், அது முழுசா நிறுவனத்துக்கே தெரியாது. கோ-பைலட் வேலைக்கு வர்றதுக்காக முந்தின ராத்திரி நாட்டோட ஒரு மூலையில இருந்து இன்னொரு மூலைக்குப் பயணம் பண்ணி, சரியான தூக்கம் இல்லாம வந்தவர். அதே சட்டம் இதையும் தொட்டுச்சு. பைலட்டோட பழைய பதிவுகளை நிறுவனம் பார்க்கணும், ஓய்வு நேர விதி மாறணும், அந்த மாதிரி நிலையில இருந்து மீள்ற பயிற்சி குடுக்கணும். ஆனா எல்லார் மனசுலயும் நின்னது 1,500ங்கிற எண் மட்டும்தான். அந்தக் குடும்பங்கள் இன்னைக்கும் அந்த எண்ணை விட்டுக்குடுக்க மாட்டேங்கிறாங்க, அதுக்குப் பிறகு பல வருஷம் இந்த மாதிரி விபத்து நடக்கலைன்னு சொல்றாங்க. அவங்க வலியை நான் குறைச்சுப் பேசலை. எதனால விபத்து குறைஞ்சுதுங்கிறதுதான் சண்டை.

இந்தியாவுலயும் 1,500 வெச்சா என்ன ஆகும்? அமெரிக்காவுல லைசென்ஸ் வாங்கினவர் பயிற்சியாளரா சேர்ந்து, சம்பளம் வாங்கிட்டே மணி நேரத்தை ஏத்திக்கலாம். சின்ன விமானங்கள் அங்க அவ்வளவு இருக்கு. நம்ம ஊர்ல அந்த நடுப்படி ரொம்பச் சின்னது. பயிற்சியாளர் வேலை கொஞ்சம்தான். மிச்சம் 1,300 மணி நேரத்தை சொந்தக் காசுலதான் ஓட்டணும்னா, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பல ஆயிரம் ரூபாய். மாமா வீட்டை அடமானம் வெச்சா போதாது, தெருவையே வெக்கணும். பணக்கார வீட்டுப் பசங்க மட்டும்தான் பைலட் ஆவாங்க. அதனால யாரோட ஓட்டுற திறமையும் கூடிடப் போறதில்ல.

சரி, மணி நேரம் கூடினா பாதுகாப்பு கூடும்ங்கிறது எவ்வளவு உண்மை? அதுக்கு வெளிநாடு போக வேண்டாம், நம்ம திருச்சிக்கே வருவோம்.

2018 அக்டோபர் 12, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல. திருச்சியில இருந்து துபாய் கிளம்பின ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737. 130 பயணிகள், 6 ஊழியர்கள். மேல எழும்பும்போது ஓடுபாதை முடிவுல இருந்த ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடிச்சுட்டுப் போயிடுச்சு. அரபிக்கடல் மேல போயிட்டிருந்த விமானத்தைத் திருப்பி மும்பையில இறக்கினாங்க. அடிவயிறு கிழிஞ்சிருந்தது. யாருக்கும் காயம் இல்ல. காலையில செங்கல் சிதறிக் கிடந்த சுவர் போட்டோ எல்லார் போன்லயும் வந்துச்சு, பார்த்திருப்பீங்க. அந்த ரெண்டு பைலட்டுக்கும் அந்த ரக விமானத்துலயே ஆளுக்கு சுமார் 3,000 மணி நேரமும் அதுக்கு மேலயும் அனுபவம்.

விசாரணையில என்ன தெரிஞ்சதுன்னா, ஓடுபாதையில வேகமெடுக்கும்போது கேப்டன் சீட்டோட முதுகு திடீர்னு பின்னாடி சாய்ஞ்சுது. அந்த அசைவுல இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கிற லீவர் தெரியாம பின்னாடி வந்து, விசை குறைஞ்சிடுச்சு. அதை ரெண்டு பேருமே கவனிக்கலை. எண்கள் கண் முன்னாடி திரையில ஓடிட்டுதான் இருந்தது. கவனிச்சு, "விசை குறைஞ்சிருக்கு"ன்னு ஒரு வார்த்தை சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டார்.

இன்னொண்ணு, 1990 பிப்ரவரி 14, பெங்களூரு. இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ320. ஓடுபாதைக்கு முன்னாடியே தரையில மோதி, 146 பேர்ல 92 பேர் இறந்துட்டாங்க. காக்பிட்ல இருந்த ரெண்டு பேருமே கேப்டன்கள், பல ஆயிரம் மணி நேரம் பறந்தவங்க. ஆனா அந்த ரக விமானம் நம்ம நாட்டுக்கு வந்து ஒரு வருஷம் கூட ஆகலை. அந்த புது வண்டியில ரெண்டு பேருக்கும் அனுபவம் ரொம்பக் குறைவு. மொத்தக் கணக்கு பெருசா இருந்தாலும், கையில இருந்த வண்டிக்கான கணக்கு சின்னதா இருந்துச்சு.

மணி நேரத்துல இன்னொரு சிக்கலும் இருக்கு, அதைப் பொய்யா எழுதலாம். பைலட்டுங்க நடுவுல ஒரு பழைய ஜோக் உண்டு. "பி-51ல இவ்வளவு மணி நேரம் இருக்கு"ன்னு சொல்வாங்க. பி-51ன்னா ஒரு போர் விமானம். இங்க அர்த்தம் பார்க்கர் 51 பேனா. அதாவது பறக்காத மணி நேரத்தைப் பேனாவால லாக்புக்ல எழுதினது. நம்ம நாட்டுல 2011ல இது ஜோக்கா இல்லாம வழக்கா ஆச்சு. போலி மதிப்பெண் சான்றிதழ் குடுத்து லைசென்ஸ் வாங்கினவங்க பிடிபட்டாங்க. பறக்காத நேரத்தை லாக்புக்ல ஏத்தினதா ராஜஸ்தான்ல விசாரணை நடந்துச்சு. வாசல்ல வெறும் எண்ணைக் காவலுக்கு வெச்சா, எண்ணைத் தயார் பண்ணிக் குடுக்கவும் ஆள் வந்துடுவாங்க.

அப்போ 200ஓட வர்ற புது ஆளை எப்படி நம்புறது? இதை என் நண்பன்கிட்டதான் கேட்டேன். பள்ளிக்கூடத்துல எனக்கு பக்கத்து பெஞ்ச். பேர் வேண்டாம்னு சொல்லிட்டான். அவன் 2019ல லைசென்ஸ் வாங்கினான். அந்த வருஷம் ஏப்ரல்ல ஜெட் ஏர்வேஸ் நின்னுபோச்சு. ஆயிரக்கணக்கான மணி நேரம் வெச்சிருந்த பைலட்டுங்க எல்லாம் வேலை தேடி வெளிய நிக்கிறாங்க. 200 மணி நேரக்காரனை யார் கூப்பிடுவா? அடுத்த வருஷம் கொரோனா. மூணு வருஷம் சொந்தக்காரர் கடையில கணக்கு எழுதினான். நடுவுல மெடிக்கலையும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கையும் வருஷா வருஷம் புதுப்பிக்கணும், அதுக்கும் காசு. கடனுக்கு வட்டி தனி. இப்போ கோ-பைலட்டா இருக்கான்.

அவன் சொன்னது: "செஸ்னால இறங்கும்போது வேகம் 65 நாட். ஏர்பஸ்ல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. நான் ஒரு விஷயத்தை யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள விமானம் அடுத்த விஷயத்துக்குப் போயிடும். முதல் நாள் சிமுலேட்டர்ல முடிச்சு வெளிய வந்து, என்னால முடியாதுன்னு அம்மாவுக்கு போன் பண்ணினேன்." அங்கதான் உண்மையான பயிற்சி ஆரம்பிக்குதுன்னு சொன்னான். ஒரு குறிப்பிட்ட ரக விமானத்துக்குன்னு டைப் ரேட்டிங். சிமுலேட்டர்ல இன்ஜின் தீப்பிடிக்கிறது, ஹைட்ராலிக் போறதுன்னு எல்லாத்தையும் திரும்பத் திரும்ப. அப்புறம் பயணிகளோட பறக்கும்போது, பயிற்சி குடுக்கத் தகுதியுள்ள கேப்டன் பக்கத்துல. ஆரம்பத்துல பின்னாடி கூடுதலா ஒரு அனுபவப்பட்ட பைலட்டும் உக்காந்திருப்பார். இவன் தேறிட்டான்னு கையெழுத்து விழுந்த பிறகுதான் அவர் எழுந்து போவார். புது கேப்டனையும் புது கோ-பைலட்டையும் சேர்த்து ஒரே விமானத்துல அனுப்ப மாட்டாங்க.

ஆக, அந்த 200 மணி நேரம் விமானத்தைக் கையில குடுக்கிறதில்ல. பயிற்சிக்கு உள்ள விடுது, அவ்வளவுதான். அந்தப் பயிற்சி எவ்வளவு கறாரா நடக்குது, தேறாதவனைத் திருப்பி அனுப்புறாங்களாங்கிறதுலதான் நம்ம உசுரு இருக்கு.

இதெல்லாம் மாமாகிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டார். கடைசியா மங்களூரு விபத்தைப் பத்திச் சொன்னேன். 2010 மே 22, துபாய்ல இருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதை தாண்டி சரிவுல விழுந்து 158 பேர் இறந்தாங்க. கேப்டனுக்கு 10,000 மணி நேரத்துக்கு மேல அனுபவம். பயணத்துல ரொம்ப நேரம் அவர் தூங்கியிருந்தார்னு விசாரணையில தெரிஞ்சது. ரொம்ப உயரத்துல, ரொம்ப வேகமா இறக்கினார். அவரை விட எவ்வளவோ குறைவான மணி நேரம் வெச்சிருந்த கோ-பைலட், "திரும்ப மேல போயிடலாம்"ங்கிற அர்த்தத்துல 'கோ அரவுண்ட்'னு ஒரு தடவை இல்ல, பல தடவை சொல்லியிருக்கார். கேப்டன் கேக்கலை. கோ-பைலட்டும் கன்ட்ரோலைத் தன் கையில எடுக்கலை.

மாமா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்: "கண்டக்டர் விசில் அடிச்சா வண்டி நிக்கணும்டா. அவன் நேத்து வேலைக்குச் சேர்ந்த பயலா இருந்தாலும் சரி. படிக்கட்டுல யார் தொங்குறாங்கன்னு அவனுக்குத்தான் தெரியும். நான் முப்பது வருஷ சர்வீஸ்னு சொல்லிட்டு மிதிச்சா, கீழ விழுந்தவன் எந்திரிச்சு வருவானா?"

நான் ஒரு மாசம் படிச்சதை மாமா ஒரே நிமிஷத்துல சொல்லிட்டார். புது பைலட்டுக்கு எத்தனை மணி நேரம் வேணும்னு கேக்கிறோம். அதோட சேர்த்து ரெண்டு கேள்வி கேக்கணும். இந்த 200 மணி நேரப் பையன் தப்பைப் பார்த்தா விசில் அடிப்பானா? அவன் அடிச்சா 10,000 மணி நேரக்காரர் பிரேக் போடுவாரா? ரெண்டுக்கும் பயிற்சி குடுக்க முடியும், சோதிச்சுப் பார்க்க முடியும். ஆனா லாக்புக்ல அதுக்குன்னு ஒரு கட்டம் கிடையாது.

சரி, வீடு என்ன ஆச்சு? இன்னும் அடமானத்துக்குப் போகலை. மூணு பேரும் உக்காந்து ஒரு வரிசை போட்டோம். முதல்ல டிஜிசிஏ மெடிக்கல். கண், காது, இதயம் எல்லாம் பார்த்து கிளாஸ் 1 தகுதி வந்தா மட்டும் அடுத்த படி. அதுக்கு ஆகுற செலவு கொஞ்சம்தான். நிறைய பேர் பணத்தைக் கட்டின பிறகுதான் இதைப் பண்றாங்க. ரெண்டாவது, எழுத்துத் தேர்வுகள். நேவிகேஷன், வானிலை, விதிமுறைகள், டெக்னிக்கல். இதை எல்லாம் தரையில உக்காந்தே எழுதலாம். தம்பி அதுல பாஸ் பண்ணட்டும். மூணாவது, பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறது. எத்தனை விமானம் இருக்கு, அதுல எத்தனை இன்னைக்குப் பறக்கிற நிலையில இருக்கு, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர், போன வருஷம் சேர்ந்தவங்க எத்தனை மாசத்துல முடிச்சாங்கன்னு நேர்ல போய்க் கேக்கணும். டிஜிசிஏ 2025ல இருந்து பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிடுது, அதையும் பார்க்கணும். மொத்தப் பணத்தையும் முன்னாடியே கட்டச் சொன்னா எழுந்து வந்துடணும். கடைசியா, லைசென்ஸோட செலவு முடியாது. டைப் ரேட்டிங்குக்கும், வேலை கிடைக்கிற வரைக்கும் காத்திருக்கவும் தனியா ஒரு தொகை கையில இல்லாம ஆரம்பிக்கக் கூடாது.

தம்பிக்கு இந்த வரிசை பிடிக்கலை. லேட் ஆகுதுங்கிறான். நேத்து நான் போனப்போ வானிலைப் புத்தகத்தைத் திறந்து வெச்சு உக்காந்திருந்தான். மாமா பக்கத்துல சேர் போட்டு, "மேகத்துல எத்தனை வகைடா?"ன்னு கேள்வி கேட்டுட்டிருக்கார். ஒரு பதில் தப்பா வந்துச்சு. மாமா ரெண்டு விரலை வாயில வெச்சு விசில் அடிச்சார்.

உங்க வீட்லயும் இப்படி ஒரு பஞ்சாயத்து ஓடுதா? பைலட் ஆனவங்க, ஆக முயற்சி பண்ணி நிறுத்தினவங்க யாராவது கேட்டுட்டிருந்தா எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.